கடையை மூடியாயிற்று, கணக்கை?



கூட்டு வியாபாரத்தைத் தொடங்கி வைக்க நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. நாள் குறித்துக் கொடுக்க ஒருவர், கடைக்குப் பெயர் சொல்ல ஒருவர், பத்திரம் எழுத ஒருவர், முதல் வியாபாரம் செய்யக் கைராசிக்காரர் ஒருவர். முடித்து வைக்கத்தான் யாரும் வருவதில்லை. பத்திரம் எழுதும் நாளில், "ஒருவேளை பிரிஞ்சா எப்படின்னும் எழுதிக்கலாமா?" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், "ஆரம்பிக்கறப்பவே இதென்ன பேச்சு மச்சான்?" என்று மற்றவர் முகம் சுருங்கிவிடும். அப்புறம் வேறு யாருடைய பத்திரத்திலிருந்தோ எடுத்த இரண்டு வரி அந்த இடத்தில் வந்து உட்காரும். இருவரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

பல வருஷம் கழித்து, அந்த இரண்டு வரிதான் எங்கள் தபாலில் கேள்வியாக வந்து நிற்கிறது. "கூட்டாளியும் நானும் பிரிந்துவிட்டோம். மெஷின்களை விற்றுப் பிரித்துக்கொண்டோம். கட்டடத்தைக் காலி செய்துவிட்டோம். இப்போது என் பெயருக்கு ஏன் நோட்டீஸ் வருகிறது?" ஊரும் தொழிலும்தான் கடிதத்துக்குக் கடிதம் மாறுகின்றன. ஒன்று திருப்பூர் பனியன் ஜாப் வொர்க், ஒன்று சிவகாசி அச்சகம், ஒன்று நாமக்கல் லாரி. கேள்வி ஒன்றேதான். ஆகவே இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவர்களுக்காக ஒதுக்குகிறேன். நான் ஆடிட்டர் அல்ல. ஆனால் ஆடிட்டரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் பாதிக்குத்தான் இந்தப் பக்கம்.

முதலில் அடிப்படை. பார்ட்னர்ஷிப் கம்பெனியை வருமான வரிச் சட்டம் தனி ஆளாகப் பார்க்கிறது. அதற்குத் தனி பான் அட்டை. அதன் நான்காவது எழுத்து 'எஃப்'. உங்கள் சொந்த அட்டையில் அதே இடத்தில் 'பி' இருக்கும். கம்பெனி தன் லாபத்துக்கு நேராக 30 சதவீதம் வரி கட்டுகிறது. செஸ் சேர்த்தால் 31.2. வரி கட்டியபின் மிஞ்சுவதில் உங்கள் பங்காக வருவதற்கு உங்கள் கையில் மறுபடி வரி இல்லை. 1993-94 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இதுதான் முறை. ஆனால் பங்குதாரர் என்ற வகையில் கம்பெனியிடமிருந்து நீங்கள் எடுக்கும் சம்பளம், முதலுக்கான வட்டி, கமிஷன் ஆகியவை உங்கள் வருமானம். நாம் சம்பளம் என்று சொன்னாலும் சட்டம் அதைத் தொழில் வருமானம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பங்குதாரராக இருந்த ஆண்டுக்கு நீங்கள் தாக்கல் செய்ய வேண்டியது ஐடிஆர்-3. பக்கத்து வீட்டு ஆசிரியர் போடும் ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது.

இதுவரை நிம்மதிதான். லாபம் என்றால் கம்பெனி வேறு, நீங்கள் வேறு. பாக்கி என்று வந்தால் அந்தப் பிரிவினை மறைந்துவிடுகிறது. கம்பெனி கட்டாமல் விட்ட வருமான வரிக்கும் அபராதத்துக்கும், அந்தந்த ஆண்டில் பங்குதாரராக இருந்த ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 188ஏ பிரிவு அதைச் சொல்கிறது. கம்பெனி கலைந்தாலும் கலையாதது போலவே வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்கிறது 189-ஆம் பிரிவு. கலைந்த நாளில் பங்குதாரராக இருந்தவர்கள் மட்டுமல்ல, இறந்துபோனவரின் சட்டப்படியான வாரிசும் அந்த வலையில் உண்டு. 'தனித்தனியாகவும்' என்றால், உங்கள் பங்கு 25 சதவீதம் என்பதற்காகத் துறை 25 சதவீதத்தோடு நிற்க வேண்டியதில்லை. யாரிடம் சொத்து கண்ணில் படுகிறதோ அவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டிவிட்டு மற்றவர்களிடம் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. நீங்கள் விலகிய பிறகு வந்த ஆண்டுகளின் வரிக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். டீக்கடையில் கை குலுக்கிப் பிரிந்த தேதி எந்த அலுவலகத்திலும் செல்லாது.

பிரியும் ஆண்டில் உங்கள் சொந்த ரிட்டர்ன் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் சம பங்கில் ஜாப் வொர்க் கம்பெனி நடத்துகிறார்கள். ஒருவர் தையல் தளத்தைப் பார்க்கிறார், மற்றவர் வசூலையும் வங்கியையும். கடைசி ஆண்டில், தங்கள் சம்பளத்தைக் கழிக்கும் முன் லாபம் 10 லட்சம். உழைக்கும் பங்குதாரர்களுக்குச் சம்பளமாகக் கழிக்க ஒரு வரம்பு உண்டு. முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், அதாவது 5,40,000. மீதி 4 லட்சத்தில் 60 சதவீதம், 2,40,000. ஆக மொத்தம் 7,80,000. பத்திரத்தில் சம்பளத்துக்கு இடம் எழுதியிருந்தால்தான் இதைக் கழிக்க முடியும். எஞ்சிய 2,20,000-க்குக் கம்பெனி கட்ட வேண்டிய வரி 68,640. மிச்சத்தில் ஆளுக்கு 75,680 பங்கு லாபம். அதற்கு வரி இல்லை. ஆளுக்கு 3,90,000 சம்பளம். அது அவரவர் ரிட்டர்னில் வர வேண்டும்.

2025 ஏப்ரல் 1 முதல் இதில் ஒரு புது விஷயம் சேர்ந்திருக்கிறது. பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கேபிடல் கணக்கில் வரவு வைத்தாலே பிடித்தம் உண்டு. நம் கணக்கில் ஆளுக்கு 39,000. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆக, இந்த 39,000 முழுதும் திரும்பி வர வேண்டிய பணம்.

வருமா? அங்கேதான் பிரிவின் கசப்பு கணக்கில் இறங்குகிறது. கம்பெனி டிடிஎஸ் தொகையைக் கட்டி, காலாண்டு அறிக்கையும் தாக்கல் செய்தால்தான் உங்கள் 26ஏஎஸ் வரி அறிக்கையில் அது தெரியும். பிரிந்த பிறகு அந்த அறிக்கையை யார் போடுவது? தையல் தளத்தைப் பார்த்தவர் வசூலைப் பார்த்தவரைக் கை காட்டுவார். அவர் ஆடிட்டரைக் கை காட்டுவார். ஆடிட்டரோ, "பழைய பீஸ் பாக்கி இருக்குங்களே" என்பார். மூவரும் சொல்வது நியாயம்தான். நஷ்டம் மட்டும் உங்களுக்கு. பிடித்தம் நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் அதே வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட, பிரியும் பத்திரத்திலேயே "கடைசிக் காலாண்டு டிடிஎஸ் அறிக்கை இன்னார் பொறுப்பு, செலவு இன்ன கணக்கிலிருந்து" என்று ஒரு வரி எழுதிக்கொள்வது எவ்வளவோ சுலபம்.

அடுத்தது, சொத்துப் பிரித்தல். பணத்தைப் பிரித்துக்கொள்வதில் வரிச் சிக்கல் குறைவு. இடம், கட்டடம், மெஷின், சரக்கு என்று பொருளாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு வரி இல்லை. கலைந்த கம்பெனியின் சொத்தைப் பங்குதாரர்கள் எடுத்துக்கொள்வது கைமாற்றம் ஆகாது என்று மலபார் ஃபிஷரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. 1987-இல் நிதிச் சட்டத்தின் மூலம் அந்த வாசலை அடைத்தார்கள். 2021-இல் 9பி என்ற பிரிவைக் கொண்டுவந்து தாழ்ப்பாளும் போட்டார்கள். இன்றைய நிலவரம் இதுதான்: கம்பெனி கலையும்போது ஒரு பங்குதாரர் கம்பெனியின் சொத்தையோ சரக்கையோ எடுத்துக்கொண்டால், கம்பெனி அதை அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே கருதப்படும். லாபத்துக்கு வரி கம்பெனியின் தலையில்.

எண்ணில் பார்ப்போம். பல ஆண்டுகளுக்கு முன் கம்பெனி பெயரில் 10 லட்சத்துக்கு வாங்கிய காலி இடம். இன்று சந்தை விலை 40 லட்சம். "இடத்தை நீ வச்சுக்க, மெஷினையும் வசூல் பாக்கியையும் நான் எடுத்துக்கறேன்" என்று பேசி முடிக்கிறார்கள். இருவருக்கும் திருப்தி. ஒரு ரூபாய்கூடக் கை மாறவில்லை. ஆனாலும் கம்பெனிக்கு 30 லட்சம் மூலதன ஆதாயம் வந்துவிட்டது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 3,75,000, செஸ் சேர்த்து 3,90,000. கம்பெனிக் கணக்கிலோ பணம் இல்லை, எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. கம்பெனி கட்டாவிட்டால் மேலே சொன்ன கூட்டுப் பொறுப்பு வந்து நிற்கும். இடத்தை எடுத்தவர் கட்டுவதா, இருவரும் பாதிப் பாதியா? பத்திரத்தில் எழுதவில்லை என்றால் அன்றோடு மச்சான் உறவும் முடிந்தது. அதனால் சொத்தைப் பிரிக்கும் முன் வரியைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். அன்றைய சந்தை விலைக்கு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை அந்த இடத்தை நீங்கள் விற்கும்போது அந்தக் காகிதம் உங்களைத் தேடி வந்து உதவும்.

மூன்று நான்கு பேரில் ஒருவர் மட்டும் விலகி, கம்பெனி தொடர்ந்தால் கணக்கு வேறு. விலகுபவர் தன் கேபிடல் கணக்கில் இருப்பதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு போனால், அந்த அதிகப்படிக்கு வரி கட்ட வேண்டியது தொடரும் கம்பெனி. 45(4) பிரிவு சொல்வது இது. ஆகவே விலகுபவரிடம் பேரம் பேசும்போது மற்றவர்கள் அந்த வரியையும் மனதில் வைத்துத்தான் தொகை சொல்வார்கள். "பத்து லட்சம் தர்றேன்னுட்டு ஒம்பதுக்கு இறங்கிட்டாங்க" என்று வருத்தப்படும் முன், இறங்கியதற்குக் காரணம் வரியா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்படிப் பிரிந்தாலும் தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒரே விஷயத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். பெரியவர்கள் முன்னிலையில் மஞ்சள் பையில் எண்ணிக் கொடுத்ததெல்லாம் அந்தக் காலம்.

இரண்டே பேர் உள்ள கம்பெனியில் ஒருவர் விலகினால் அதை 'விலகல்' என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். சட்டப்படி அது கலைப்பு. ஒற்றை ஆளை வைத்துக் கூட்டு இல்லை. மிஞ்சியவர் அதே பெயர்ப் பலகையோடு தொழிலைத் தொடரலாம். ஆனால் இனி அது அவருடைய சொந்தத் தொழில். கம்பெனியின் பான் எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் அவர் பயன்படுத்தக் கூடாது. தன் பெயரில் புதிய ஜிஎஸ்டி பதிவு எடுத்து, பழைய எண்ணில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். விலகியவர் நீங்கள் என்றால் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிஞ்சியவர் பழைய எண்ணில் பில் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த பில்லில் உங்கள் பெயரும் மறைவாக இருக்கிறது என்று பொருள்.

ஊருக்கு அறிவிப்பதும் ஒரு வேலை. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை பழைய கூட்டாளி கம்பெனி பெயரில் செய்யும் காரியத்துக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரலாம். பதிவு செய்த கம்பெனி என்றால் பதிவாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அரசிதழிலும், தொழில் நடக்கும் மாவட்டத்தில் வரும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும். பதிவு செய்யாத கம்பெனி என்றாலும் அரசிதழும் நாளிதழும் உண்டு. ஜிஎஸ்டி தனிக் கதை. விலகும் பங்குதாரர் ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், கடிதம் போய்ச் சேரும் நாள் வரை பொறுப்பு நீளும். தொழிலையே நிறுத்திவிட்டால் 30 நாளுக்குள் பதிவை ரத்து செய்ய விண்ணப்பம், ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன். 1961 சட்டப்படி தொழிலை நிறுத்திய 15 நாளுக்குள் வருமான வரி அதிகாரிக்கும் ஒரு கடிதம் தர வேண்டும். இத்தனை கடிதமும் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. ஒப்புகைச் சீட்டுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது, யாரும் பத்திரத்தில் எழுதாத ஒன்று: பாஸ்வேர்டு. கம்பெனியின் வருமான வரி இணையக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் யாரோ ஒருவருடைய கைபேசியோடும் மின்னஞ்சலோடும் கட்டப்பட்டிருக்கும். பேச்சு வார்த்தை நின்றபின் ஓடிபி அவருக்குத்தான் போகும். நோட்டீஸும் அங்கேதான் போகும். அவர் பார்க்கமாட்டார், பார்த்தாலும் சொல்லமாட்டார். பதில் போகாமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்து, தொகை ஏறி, பிறகு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். பிரியும்போதே இரண்டு பேரும் பார்க்கக்கூடிய ஒரு மின்னஞ்சலை அங்கே கொடுத்துவிடுங்கள். கம்பெனிக்காகக் கடைசி ரிட்டர்னில் கையெழுத்திடப் போகிறவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கை மூடுவதிலும் நம் ஆட்களுக்கு ஏனோ அவசரம். கம்பெனிக்கு வர வேண்டிய ரீஃபண்ட் கம்பெனி பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கே இல்லை என்றால் பணம் அந்தரத்தில் நிற்கும். கடைசி ரிட்டர்ன் முடிந்து, ரீஃபண்டும் வந்த பிறகு கணக்கை மூடலாம், பான் அட்டையையும் ஒப்படைக்கலாம். கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். ஜிஎஸ்டி சட்டம் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. இருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். பென் டிரைவ் விலை ஒன்றும் அதிகமில்லை.

பிரிந்தபின் வரும் சில்லறைப் பணங்களைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். பழைய பாக்கி வசூலானால் வரி உண்டா? அந்த பில் அப்போதே விற்பனையாகக் கணக்கில் ஏறி, லாபத்தில் சேர்ந்திருந்தால் மறுபடி வரி இல்லை. கணக்கில் ஏறாமல் இருந்து இப்போது உங்கள் கைக்கு வந்தால், வந்த ஆண்டில் அது உங்கள் வருமானம். மற்றவர் உங்கள் முதலைத் திருப்பித் தராமலே தொழிலைத் தொடர்ந்தால், அந்த முதலை வைத்து வந்த லாபத்தில் பங்கையோ, ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கும் உரிமை கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இருக்கிறது. கலைந்த கம்பெனியின் கணக்கைக் கேட்டு நீதிமன்றம் போக மூன்று ஆண்டு அவகாசம். பதிவு செய்யாத கம்பெனியின் பங்குதாரர்கூட இந்த ஒரு வழக்கைப் போடலாம். வருத்தத்திலேயே மூன்று ஆண்டைக் கழித்துவிடாதீர்கள்.

கம்பெனியின் நஷ்டத்தை உங்கள் சொந்த வருமானத்தில் கழிக்க முடியுமா? முடியாது. அந்த நஷ்டம் கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனியோடு போய்விடும். இது பலருக்கு நெஞ்சை அடைக்கும் செய்தி என்று தெரியும். தெரிந்தே சொல்கிறேன், இல்லாத தொகையை நம்பி ரிட்டர்னில் எழுதிவிட்டுப் பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய வரி முறைக்கும் புதிய வரி முறைக்கும் நினைத்தபோது மாற முடியாது. பழைய முறைக்குப் போய்த் திரும்பியவருக்கு மறுபடி அந்தக் கதவு திறக்காது. ஆனால் தொழில் வருமானமே இல்லாமல் போய்விட்டால், மற்ற மாதச் சம்பளக்காரர்களைப் போல ஆண்டுதோறும் எது லாபமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டிலிருந்து வெளியேறி வேலைக்குப் போனவர்கள் அடுத்த ஆண்டு ரிட்டர்னில் இதைக் கேட்டுப் பார்க்கவும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வருகிறது. மதிப்பீட்டு ஆண்டு என்ற பேச்சு போய், வரி ஆண்டு என்ற பேச்சு வரும். பிரிவு எண்களும் மாறும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமே. நான் மேலே சொன்ன வருமான வரிப் பிரிவு எண்கள் பழைய சட்டத்தின் எண்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

முடிக்கும் முன், எனக்கு மிகவும் மனதை உறுத்தும் ஒரு பகுதி. கடிதம் எழுதியவர்களில் பெண்கள் சிலர் உண்டு. கணவர் தன் பெயருக்குப் பதில் மனைவியின் பெயரைப் பங்குதாரராகப் போட்டிருப்பார். அம்மாவின் பெயரைப் போட்டவர்களும் உண்டு. அவர்கள் கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். கூட்டுப் பொறுப்புக்கு அது போதும். 'பெயருக்குத்தான் பார்ட்னர்' என்ற ரகம் சட்டத்தில் கிடையாது. மகனை மைனராக இருக்கும்போதே லாபத்தில் மட்டும் பங்குள்ளவனாகச் சேர்த்திருந்தால் இன்னொரு நுணுக்கம். அவனுக்கு 18 நிரம்பிய நாள், தன்னைச் சேர்த்த விஷயம் தெரியவந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 6 மாதத்துக்குள் 'வேண்டாம்' என்று பொது அறிவிப்புத் தராவிட்டால், அவன் முழுப் பங்குதாரர் ஆகிவிடுவான். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு கடன்சுமை தயாராவது தெரியாமலே போய்விடும்.

ஆகவே, கம்பெனியை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. பெயர் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். பெயர் சேர்க்கப்பட்டவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது பாசம் இல்லாமல் அல்ல. பாசம் கெடாமல் இருக்கவே.

பிரிவு எல்லாம் பகையில் முடிவதில்லை. ஒருவருக்கு வயதாகிறது, ஒருவர் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகிறார், ஒருவருக்குத் தனியாகச் செய்ய ஆசை வருகிறது. நல்லபடியாகப் பிரிந்தவர்கள்தான் பின்னாளில் கணக்கால் கெட்டுப்போகிறார்கள் என்பது எனக்கு வந்த கடிதங்கள் காட்டும் உண்மை. சண்டை போட்டவர்கள் வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். நட்போடு பிரிந்தவர்களோ, "நமக்குள்ளே எதுக்கு காகிதம்?" என்று விட்டுவிடுகிறார்கள். நட்பு இருக்கும்போது எழுதுவது அரை மணி நேர வேலை. போனபின் எழுதுவது நீதிமன்ற வேலை.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது ஒரு கூட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பார்ட்னர்ஷிப் பத்திரத்தை வெளியே எடுத்து, பிரிவைப் பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். கடைசி ரிட்டர்ன் யார் பொறுப்பு, வரி பாக்கிக்கு யார் எவ்வளவு, புத்தகம் யாரிடம், பாஸ்வேர்டு யாரிடம் என்ற நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டாளியைக் கூப்பிட்டு, காபி சாப்பிட்டுக்கொண்டே ஒரு துணைப் பத்திரம் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே பிரிந்துவிட்டவராக இருந்தால், பழைய கம்பெனியின் இணையக் கணக்கை இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்க முடியவில்லை என்றால், பழைய கூட்டாளிக்கு ஒரு போன் போடுங்கள். அவர் எடுத்தால் முதலில் நலம் விசாரியுங்கள், அப்புறம் ஓடிபி கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்